பிரஷர் வாஷரும் ரசாயனமும்: வீட்டின் வெளிப்புறத்தைப் பாழாக்காமல் கழுவும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது வீட்டின் வெளிப்புறம் எப்படி இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். வெயில் படாத பக்கத்துச் சுற்றுச்சுவர் பாசி பிடித்துக் கறுத்திருக்கும். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் தெறித்துக் காய்ந்திருக்கும். மேல்நிலைத் தொட்டி வழிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். இரும்புக் கேட்டின் அடியில் துரு ஒழுகி இறங்கியிருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் இவற்றையெல்லாம் கழுவியாக வேண்டும். நீரை உயரழுத்தத்தில் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷர் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதை இயக்கப் பழகுவது கடினமன்று. அதனுடன் எந்த ரசாயனத்தைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதில் தவறும்போதுதான் தரையும் சுவரும் கெடுகின்றன. சில வேளைகளில் கழுவுபவருடைய கண்ணும் நுரையீரலும் பாதிக்கப்படுகின்றன.

கறை எதனால் ஆனது, அது எதன்மேல் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். நம் பகுதியில் கறை என்றதும் கை முதலில் போவது ஆசிட் புட்டிக்குத்தான். போர்வெல் நீரின் கடினத்தன்மையால் குளியலறை முழுவதும் உப்புப் படிந்து, அதை ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பழகியதன் விளைவு இது. ஆனால் மேலே சொன்ன நான்கு கறைகளில் உப்புப் படிவு ஒன்றுக்கு மட்டுமே அந்த வகை அமிலம் ஏதோ ஓரளவு பொருந்தும். அங்கும் மிக நீர்த்த நிலையில்தான் பொருந்தும். பாசியை அது வேரோடு கொல்லாது. செம்மண்ணை அகற்றாது. சிமென்டையும் சுண்ணாம்பையும் மட்டும் தவறாமல் அரிக்கும்.

பாசியும் கறுப்புப் படிவும்

வெளிப்புறக் கறைகளில் பெரும்பங்கு உயிருள்ளவை: பச்சைப் பாசி, கறுத்த பூஞ்சை, பழைய கல்லிலும் ஓட்டிலும் பொருக்குப் போல ஒட்டிக்கொள்ளும் கற்பாசி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்ச்சி மிகுதி என்பதால் அங்கே இவை இன்னும் அடர்த்தியாக வளரும். வெறும் நீரழுத்தத்தால் இவற்றைப் பெயர்த்தால் மேற்பரப்பு உடனே வெளுத்துத் தெரியும். ஆனால் துளைகளுக்குள் மிஞ்சியவை அடுத்த மழையிலேயே தலைகாட்டும். ஆகவே முதலில் அவற்றைக் கொல்ல வேண்டும். பிறகு நீரால் கழுவி வெளியேற்ற வேண்டும். கொல்லும் வேலைக்கு உரியது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது கடைகளில் கிடைக்கும் பிளீச்சிங் திரவம்.

இத்திரவத்தின் செறிவைப் பார்க்காமல் கலப்பதே பெருந்தவறு. வீட்டு உபயோகத்துக்கான புட்டிகளில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். நீர்ச் சுத்திகரிப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கேனில் கிடைப்பது 10 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். வெறும் சிமென்ட் தரைக்கும் சிமென்ட் தளக் கற்களுக்கும் 1 சதவீதக் கரைசல் போதும்: 10 சதவீதத் திரவமானால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர், 4 சதவீதமானால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர். எமல்ஷன் பூசிய சுவருக்கு அதிலும் பாதி, அதாவது 10 சதவீதத் திரவத்தின் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு நீர் சேர்த்தால் போதுமானது. பல ஆண்டுக் கறுப்பு ஏறிய தரைக்கு 2 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் செறிவைக் கூட்டுவதைவிட, ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை தெளிப்பதே நல்லது. நம் ஊர் வெயிலில் திறந்த வெளியில் வைத்த ஹைப்போகுளோரைட் விரைவாக வலுவிழக்கும் என்பதால், பழைய கேனின் மேலுள்ள எண்ணை நம்பாமல் அண்மையில் தயாரான தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

பிளீச்சிங் பவுடரும் இதே வேலையைச் செய்யும். புதிய பவுடரில் பயன்படக்கூடிய குளோரின் ஏறத்தாழ 30 சதவீதம் இருக்கும். எனவே 10 லிட்டர் நீருக்கு 330 கிராம் கலந்தால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கலக்கியபின் அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டலைத் தரையில் ஊற்றினால் பாசி போன இடத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும்; தெளிப்பானுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும். பவுடரை டீசல், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகே வைக்காதீர்கள். எண்ணெயும் பவுடரும் சேர்ந்தால் தீப்பற்றக்கூடும் என்பதால், டிராக்டர் கொட்டகையின் மூலையில் மூட்டையைச் சாய்த்து வைக்கும் வழக்கம் ஆபத்தானது.

செம்மண், துரு, எண்ணெய், இலைக்கறை

செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. பிளீச்சிங் திரவம் அதை வெளுக்காது. நன்றாக நனைத்து, சோப்புக் கரைசல் தெளித்து, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். சிமென்டின் துளைக்குள் ஊறிய சாயல் மட்டும் எஞ்சும். அந்த எச்சத்துக்கும் கேட்டிலிருந்து ஒழுகிய துருவுக்கும் ஆக்ஸாலிக் அமிலம் பொருத்தமானது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் கரைத்து, கறையின்மேல் மட்டும் தூரிகையால் தடவி, பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து கழுவலாம். கரைப்பதற்குப் போர்வெல் நீரைத் தவிர்த்து, மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துவது நல்லது; கடினநீரில் உள்ள கால்சியம் ஆக்ஸாலிக் அமிலத்தோடு சேர்ந்து வெண்மையான படிவாக இறங்கிவிடுவதால் கரைசலின் வலு குறைகிறது. பார்வைக்கு உப்பைப் போலவே இருக்கும் இப்பொருள் விழுங்கினால் நஞ்சு என்பதால், சமையலறைப் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. துருக்கறைமேல் பிளீச்சிங் திரவம் ஊற்றினால் கறை இன்னும் ஆழமாகப் பதியும்.

வண்டி நிறுத்துமிடத்தின் எண்ணெய்க் கறைக்கு முதலில் மரத்தூளோ குவாரித் தூளோ தூவி, எண்ணெயை ஊறவிட்டு, கூட்டி அள்ள வேண்டும். நீரழுத்தத்தை முதலிலேயே அடித்தால் எண்ணெய் பரவுமே தவிர அகலாது. பிறகு வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊற்றி, கெட்டித் தூரிகையால் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். இந்த வேலைக்கெனக் காஸ்டிக் சோடா வாங்க வேண்டியதில்லை. அது தோலை எரிப்பதோடு அலுமினியச் சட்டங்களையும் அரிக்கும். நம் பகுதிக் கடினநீரில் சாதாரண சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதால், சோப்பின் அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக நீரில் சிறிதளவு சலவை சோடாவை முன்கூட்டியே கரைத்துக்கொண்டால் சோப்பு மிச்சமாகும்.

மாமரமும் புளியமரமும் தேக்கும் உள்ள வீடுகளில், நனைந்த இலை கிடந்த இடமெல்லாம் சிமென்டில் பழுப்பு நிற அச்சாகப் பதிந்திருக்கும். நாவல் பழக்கறையும் இதே வகை. இவை தாவர நிறமிகள் என்பதால் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டே போதும்.

உப்புப் படிவும் ஆசிட்டும்

சுவரிலும் தரையிலும் வெண்மையாகப் பூத்து நிற்கும் உப்பை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைத்து, தூளை அள்ளி அப்புறப்படுத்துங்கள். எடுத்த எடுப்பில் நீர் அடித்தால் அந்த உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போய், காய்ந்ததும் மறுபடியும் பூக்கும். தொட்டி வழிந்து கெட்டியாக இறுகிய சுண்ணாம்புப் படிவு மட்டும் தூரிகைக்கு அசையாது. அதற்கு வினிகரோ, சல்பாமிக் அமிலம் கொண்ட உப்பு நீக்கியோ போதுமானது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, அதாவது முதலில் சொன்ன ஆசிட்டை, பயன்படுத்தியே தீர வேண்டிய நிலை வீட்டின் வெளிப்புறத்தில் அரிது. புதிதாகப் பதித்த வெளிப்புற டைல்ஸில் காய்ந்த சிமென்ட் தெறிப்புக்காக அதைப் பயன்படுத்த நேர்ந்தால், மேற்பரப்பையும் இடுக்குப் பூச்சையும் முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும். நனைந்த துளைகள் அமிலத்தை அதிகம் உறிஞ்சா. கலக்கும்போது எப்போதும் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும் நிறைய நீர் விட்டு, இறுதியில் சலவை சோடா கரைத்த நீரால் ஒருமுறை அலசினால் எஞ்சிய அமிலம் நடுநிலையாகும்.

மொசைக், பளிங்கு, சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மாடித்தளம், சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகிய எதன்மேலும் எந்த அமிலமும், வினிகர் உட்பட, படக் கூடாது. இவற்றில் உள்ள கால்சியம் கார்பனேட் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையும். அந்த நுரையை அழுக்கு வெளியேறுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் வெளியேறுவது தரைதான்.

கிரானைட் விளையும் மாவட்டங்கள் இவை. பர்கூர்ப் பக்கம் அறுத்து மெருகேற்றிய பலகைகள் திண்ணையிலும் வாசற்படியிலும் இல்லாத வீடு குறைவு. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்கள் சாதாரண அமிலத்தை ஓரளவு தாங்கும். ஆனால் இரும்புச்சத்துள்ள கல்லில் பின்னர் மஞ்சள் துருப்புள்ளிகள் எழும், கறுப்புக் கல்லின் மெருகும் மங்கக்கூடும். நடுநிலையான சோப்புக் கரைசலுக்கு மேல் மெருகிட்ட கல்லுக்கு எதுவும் தேவையில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகளும் கல் சுத்திகரிப்பான்களும் விற்கப்படுகின்றன. அவை கிரானைட்டையும் கண்ணாடியையும் அரிப்பவை. தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே ஊடுருவி, உடலின் கால்சியத்தைக் குலைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிப்பவை. உறையில் அந்தப் பெயர் இருந்தால் வீட்டு வேலைக்கு வாங்காதீர்கள்.

கலக்கக் கூடாதவை

பிளீச்சிங் திரவமோ பவுடரோ எந்த அமிலத்துடன் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா உள்ள பொருளுடன் சேர்ந்தால் குளோரமின் வாயு வெளிப்படும். இரண்டுமே நுரையீரலைப் புண்ணாக்குபவை. ஒரே வாளியில் கலந்தால்தான் ஆபத்து என்பதில்லை. காலையில் ஹைப்போகுளோரைட் தெளித்த தரையைச் சரியாக அலசாமல், மாலையில் கழிவறை ஆசிட்டை ஊற்றினாலும் இது நிகழும். ஆகவே இரண்டும் தேவைப்படும் தரைக்கு, ஒரு நாள் ஒன்றும், நன்றாக அலசிக் காயவிட்டு வேறொரு நாள் மற்றொன்றும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குளோரின் காற்றைவிடக் கனமானது. மாடிப்படிக்கு அடியிலும் தரைத்தொட்டியின் பள்ளத்திலும் தங்கி நிற்கும். கண்ணும் தொண்டையும் திடீரென எரிந்தால், வாளியைத் தூக்கிக் கொட்ட முயலாமல், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக உடனே விலகிச் செல்ல வேண்டும். முகத்தில் கட்டும் துண்டும் துணி முகக்கவசமும் இவ்வாயுவைத் தடுக்கமாட்டா.

தொடங்குவதற்கு முன்

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்மேல் பிரஷர் வாஷரைப் பயன்படுத்தவே கூடாது. நீரின் வேகம் அதன் இழைகளைப் பெயர்த்து முற்றத்திலும் காற்றிலும் பரப்பும். அந்த இழைகளைச் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகும். சுண்ணாம்பு அடித்த சுவரும், இணைப்பு விட்டுப்போன பழைய தட்டோட்டுத் தளமும்கூட உயரழுத்தத்துக்கு உரியவை அல்ல. தோட்டக் குழாயும் தூரிகையுமே அவற்றுக்குப் போதும்.

மாடியைக் கழுவுவதானால் மழைநீர் சேகரிப்புக் குழாயைப் பற்றி முதலில் யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் இவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டதால், மாடி நீர் பெரும்பாலும் கிணற்றுக்கோ போர்வெல்லை ஒட்டிய உறிஞ்சு குழிக்கோ போகிறது. குழாயை மாற்றாமல் பிளீச்சிங் நீரை ஊற்றினால் அது நாம் இறைக்கும் நிலத்தடி நீரிலேயே போய்ச் சேரும். குழாயைக் கழற்றித் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டு, வேலை முடிந்து நன்றாக அலசிய பிறகே மறுபடி இணைக்க வேண்டும். தரைத்தொட்டியின் மூடியைப் பிளாஸ்டிக் தாள் போட்டு அடைத்துவிடுங்கள்.

ஆடு, மாடு, கோழி உள்ள வீட்டில் அவை தேங்கிய நீரைக் குடிக்காதபடி கட்டிவைக்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் பிளீச்சிங் பவுடர் புதியதன்று. வளர்ப்பு மனையைக் கிருமி நீக்க அவர்கள் பயன்படுத்துவதுதான். ஆனால் மனையில் புழு இல்லாதபோது செய்யும் வேலை அது. புழு இலை தின்னும் நாள்களில் மல்பெரி வரிசைக்குள் கழிவு நீர் பாயவோ, இலையில் சாரல் படியவோ விடக் கூடாது. துளசி மாடம், பூச்செடி, சுவரோரக் கறிவேப்பிலை ஆகியவற்றை முன்னதாகவே நன்றாக நனைத்துவிட்டால் இலையும் மண்ணும் ரசாயனத்தை அதிகம் ஏற்கா. வேலை முடிந்ததும் மறுபடியும் நனைக்க வேண்டும்.

முழங்கை வரை மறைக்கும் ரப்பர் கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி, கம்பூட், முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் தொடங்காதீர்கள். பிளக் இணைப்பில் எர்த் சரியாக உள்ளதா, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று பாருங்கள். போர்வெல் நீரில் மணல் வரும் என்பதால் நீர் நுழைவாயிலில் வடிகட்டி அவசியம். பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரையே ஏற்கும். சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டி நீர் அந்த அளவை நெருங்கிவிடும். இவ்வியந்திரம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை நீர் எடுப்பது. ஃபுளோரைடு பாதிப்பிலிருந்து மக்களைக் காக்கவென ஒகேனக்கல்லிலிருந்து சுத்திகரித்துக் கொண்டுவரும் குடிநீரை இதற்குத் திறந்துவிடுவது நியாயமாகாது.

தெளிப்பதும் கழுவுவதும்

யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், கையகல இடத்தில், கலந்த கரைசலைத் தடவிக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். நிறமோ மெருகோ மாறவில்லை என்றால் தொடரலாம்.

காலை எட்டு மணிக்குள்ளோ, வெயில் சாய்ந்த பிறகோ வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். சூடான தரையில் கரைசல் சில நிமிடங்களில் காய்ந்து திட்டாகப் படியும். முதலில் வெறும் நீரால் மேற்பரப்பை நனைத்துத் தூசியை அகற்றுங்கள். பிறகு கரைசலைக் கைத்தெளிப்பானால் தெளியுங்கள். இதற்கென ஒரு தெளிப்பானைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். வயலுக்குப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிக்கும் தெளிப்பானை எடுக்கக் கூடாது. இயந்திரத்துடனேயே தெளிக்க விரும்பினால் கரைசலை நுரையாக்கித் தெளிக்கும் ஃபோம் புட்டியையோ, பம்புக்கு அப்பால் ரசாயனத்தை இழுக்கும் இணைப்பையோ பயன்படுத்தலாம். அவற்றிலும் அந்த ரசாயனத்தை ஏற்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். நீர் நுழைவாயில் வழியாகப் பிளீச்சிங் திரவத்தையோ அமிலத்தையோ பம்புக்குள் இழுத்தால் அதன் சீல்களும் உலோகப் பாகங்களும் விரைவில் கெட்டுவிடும்.

சுவரில் கரைசலைக் கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால், உலர்ந்த அழுக்கின்மேல் வழியும் கோடுகள் பிறகு அழியாத தடமாக நிற்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் வரை காத்திருந்து, காயத் தொடங்கும் இடத்தில் லேசாக நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருங்கள். கழுவும்போது மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். நாசில் என்பது நீர் வெளிவரும் முனை; அதன் டிகிரி எண் நீர் விரியும் கோணத்தைக் குறிக்கும். சிமென்ட் தரைக்கு 25 டிகிரி நாசிலை ஒரு அடித் தூரத்திலும், வண்ணம் பூசிய சுவருக்கு 40 டிகிரி நாசிலை ஏறத்தாழ இரண்டு அடித் தூரத்திலும் பிடித்தால் போதும். 0 டிகிரி நாசில் சிமென்டில் கோடு கீறிவிடும் என்பதால் வீட்டு வேலைக்கு வேண்டாம். ரசாயனம் தன் வேலையைச் செய்திருந்தால் பெரிய அழுத்தம் தேவைப்படாது. அழுத்தத்தைக் கூட்டத் தோன்றினால், கறையைத் தவறாக அடையாளம் கண்டோமா என்று முதலில் பாருங்கள். தளக் கற்களின் இடுக்கில் உள்ள மணல் பறக்காதபடி சாய்வாகப் பிடித்து அடிக்க வேண்டும். கேட், கீல், ஸ்டீல் கைப்பிடி ஆகியவற்றில் பட்ட பிளீச்சிங் திரவத்தை நன்றாக அலசாவிட்டால் அடுத்த நாளே துரு தெரியும்.

நீர்த்தாரையை யாருடைய உடலின் பக்கமும், விளையாட்டுக்குக்கூட, திருப்பக் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே சென்றால் வெளியே ஊசி முனையளவு காயமே தெரியும்; ஆனால் உள்ளே அழுக்கும் ரசாயனமும் பரவியிருக்கும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணில் கரைசல் தெறித்தால் இமையைத் திறந்து பிடித்தபடி 15 முதல் 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வேலை முடிந்ததும் இயந்திரத்திலும் ஃபோம் புட்டியிலும் வெறும் நீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, மின் இணைப்பைத் துண்டித்து, நீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நீர்த்த ஹைப்போகுளோரைட் மிஞ்சினால் சேமித்து வைக்காமல் இன்னும் நிறைய நீர் சேர்த்துக் கழிவறையில் ஊற்றிவிடலாம். அங்கே அதற்கு முன் ஆசிட் ஊற்றியிருக்கக் கூடாது. நீர்க்காத திரவத்தையும் அமிலத்தையும் வாங்கிய புட்டியிலேயே, ஒன்றுக்கொன்று தள்ளி, குழந்தைகளுக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள். குளிர்பானப் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஆசிட்டை ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் அதை இன்றே நிறுத்த வேண்டும்; கடையில் அப்படி ஊற்றிக் கொடுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். சுவர் நன்றாக உலர்ந்து, தூரிகைக்கு உப்போ தூளோ உதிராத நிலைக்கு வந்த பிறகே பிரைமர் பூச வேண்டும். பனி இறங்கும் மார்கழியில் இதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகும் என்பதால், வண்ணம் பூசுபவரிடம் தேதி சொல்லும்போதே அந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.